வலது மூலைக்காரர்

கபடிக் களத்தில் சேரலாதன் நின்ற இடத்தை முதலில் அளந்து பார்த்துவிடலாம். ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு இந்தப்புறம் ஓர் அணிக்குக் கிடைப்பது ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் தொடுகோடு. அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்கும் கடைக்கோட்டுக்கும் நடுவே மிஞ்சுவது 1.75 மீட்டர், ஒரு சாதாரண ஆளின் உயரம். அந்தப் பட்டையின் வலது ஓரத்துக்கு ரைட் கார்னர் என்று பெயர். பின்னால் ஓரடி நகர்ந்தால் ஆட்டத்தை விட்டே வெளியே. முன்னால் ஓரடி அவசரப்பட்டால் பாடி வரும் ரைடரின் கைக்கோ காலுக்கோ இரை. இந்த இடத்தில் நின்றுதான் தர்மராஜ் சேரலாதன் பெயர் வாங்கினார். 41 வயதில் கோப்பை வென்ற அணியின் தலைவராக இருந்தார், 44 வயதில் இன்னோர் அணிக்கும் தலைவரானார், பிறகு பயிற்றுநராகக் களத்துக்கு வெளியே உட்கார்ந்தார்.

அவர் பிறந்தது 1975 ஏப்ரல் 21, தஞ்சாவூர் மாவட்டம் திருச்சினம்பூண்டியில். கல்லணையிலிருந்து கிழக்கே கோவிலடி வழியாக வந்தால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பூமி. சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட சடையார் கோயில் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. சோழ நாட்டின் நடுவே, அதுவும் கரிகாலன் கட்டினான் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் அணைக்குப் பக்கத்தில், ஒரு பிள்ளைக்குச் சேரனின் பெயர். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்றவன் பெருஞ்சேரலாதன். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டவன். அந்த வெண்ணியும் வேறெங்கோ இல்லை, நீடாமங்கலம் பக்கத்துக் கோயில்வெண்ணிதான். எதிராளிக்கு முதுகு காட்டாமல் நின்று பிடிப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட ஒருவருக்கு, அதே டெல்டாவில் இந்தப் பெயர் அமைந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

டெல்டாவில் கபடிக்கும் ஒரு பருவம் உண்டு. சம்பா அறுத்து, களத்து வேலை ஓய்ந்து, தை பிறந்த பிறகு ஊர் ஊராகச் சுவரொட்டி முளைக்கும்: மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. அறுத்த வயலில் தாளைச் செதுக்கி எடுத்து, மண்ணைக் கொத்திக் கிளறி, தண்ணீர் தெளித்து, ஆற்று மணலைத் தூவிக் களம் கட்டுவார்கள். நாலு மூலையிலும் கம்பம் நட்டு விளக்கு. ஒலிபெருக்கியில் அணிகளின் பெயர் விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கும். கோயில் திருவிழாவை ஒட்டி நடப்பவை சித்திரை, வைகாசி வரை நீளும். ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் அதே இடத்தில் குறுவை நாற்று நிற்கும். பாதம் புதையும் இந்த வண்டலில்தான் சேரலாதன் தலைமுறை ஆடக் கற்றது. காலணி கிடையாது. பாய்ந்து விழுந்தால் முழங்கையில் தோல் உரியும். ஆனால் மண் ஒன்றைக் கற்றுத்தரும். வேகத்தை நம்பிப் பயனில்லை, கால் வழுக்கும், ஆகவே நிற்கும் நிலையை முதலில் சரிசெய்துகொள் என்று. ரப்பர் விரிப்பும் காலணியும் வந்து ஆட்டம் வேகமெடுத்த பிறகும், மண்ணில் பழகியவர்களின் நிலைப்பில் ஒரு கனம் தெரியும். அதை ரசிக்கத் தெரிந்தவர்கள் சேரலாதன் ஆட்டத்தில் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

ரைட் கார்னர் என்பது தடுப்பவரின் பார்வையில் வலது. பாடி வருபவருக்கு அது இடப்பக்கம். வருகிறவருக்கு 30 விநாடி. எதிரே ஏழு பேர். கார்னரும் அவருக்கு அடுத்து நிற்பவரும் விரல்களைக் கோத்துக்கொண்டு ஒரு சங்கிலியாக நகர்வார்கள். சேரலாதன் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க வாய்த்தவர்கள் அந்தக் கோத்த கையைக் கவனிக்க வேண்டும். அது இறுக்கமாக இருக்காது. இறுக்கினால் அடுத்தவரும் கூடவே இழுபடுவார், விட்டுவிட்டால் ரைடர் இரண்டு பேருக்கும் நடுவே கையை நுழைப்பார். தளர்வாகப் பிடித்து, ரைடர் இடம் மாறும்போது ஒரு சின்ன இழுப்பில் பக்கத்துத் தம்பியை அரை அடி உள்ளே கூப்பிட்டுக்கொள்வது, பாய வேண்டிய கணத்தில் மட்டும் விரலைக் கழற்றுவது. வாயால் சொன்னால் எதிராளிக்கும் கேட்டுவிடும் சேதிகளெல்லாம் அந்த விரல்கள் வழியாகவே போகும்.

அடுத்தது காத்திருப்பு. கபடியில் கேட்ச் போடப் போய்த் தவறினால் புள்ளி போவதோடு முடியாது, தொட்டவர் வெளியேற வேண்டும். கார்னர் வெளியேறினால் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்த வாசல். வெளியே போனவர் தன் முறை வந்தால்தான் உள்ளே வர முடியும். அதனால் கார்னருக்கு ஆசை கூடாது. ரைடர் காலைக் காட்டுவார், கையை நீட்டி இழுப்பார், தடுமாறுவது போலக்கூட நடிப்பார். எல்லாமே அழைப்பு. இளம் கார்னர்கள் அந்த அழைப்புக்கு எழுந்து போய் மாட்டிக்கொள்வதை எந்த ஆட்டத்திலும் பார்க்கலாம். சேரலாதன் எழ மாட்டார். குனிந்த முதுகு, முட்டியை ஒட்டிய கைகள், ரைடரின் முகத்தைவிட இடுப்பைப் பார்க்கும் கண். முகம் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ உடம்பு அந்தப் பக்கம்தான் போயாக வேண்டும். ரைடர் வேலையை முடித்து நடுக்கோட்டுப் பக்கம் திரும்பும்போது ஒரு கணம் முழு எடையும் ஒற்றைக் காலில் நிற்கும். கார்னர் காத்திருப்பது அதற்காகத்தான்.

பிடியிலும் ஒரு நயம் இருக்கிறது. கணுக்காலைப் பிடிப்பதென்றால் வெறுமனே காலைப் பற்றுவது இல்லை. கெண்டைக்கால் பக்கம் பிடித்தால் வியர்வையில் கை வழுக்கும். குதிகாலுக்கு மேலே குழிந்திருக்கும் இடத்தில் உள்ளங்கை பொருந்த வேண்டும், பொருந்திய மறுகணம் மார்போடு சேர்த்து மேலே தூக்க வேண்டும். தரையோடு தரையாக இழுத்தால் ரைடர் அந்த இழுப்பையே பிடிமானமாக வைத்து எட்டிப் பாய்ந்துவிடுவார். பிடித்த இடத்திலிருந்து நடுக்கோடு ஏறக்குறைய ஐந்து மீட்டர் தள்ளி இருக்கிறது. நல்ல ரைடருக்கு இது ஓர் எட்டும் ஒரு பாய்ச்சலும். ஆக, கார்னர் தனியாளாக யாரையும் முழுசாக வீழ்த்துவது அபூர்வம். அவர் வாங்கிக்கொடுப்பது ஒரே ஒரு விநாடி. அந்த விநாடிக்குள், மூலைக்கு உள்பக்கம் கவரில் நிற்பவர் வழியை அடைக்க, மற்றவர்கள் மேலே விழ, புள்ளி அணிக்குச் சேரும்.

கல்லணையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அணை காவிரியை மறித்து நிறுத்துவதற்காகக் கட்டியது அல்ல. வளைந்து கிடக்கிற அந்தத் தாழ்ந்த கல்வரிசை, மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடத்துப் பக்கம் ஒதுக்கிவிட்டு, வயலுக்கு வேண்டிய தண்ணீரைக் காவிரியிலேயே போக விடும். ஆற்றின் வேகத்தோடு முட்டாமல் அதன் திசையை மாற்றுகிற வேலை. சேரலாதனின் மூலை ஆட்டமும் அப்படித்தான். ரைடரை ஓரத்துப் பக்கம் வர விடுவார், வந்தவருக்குத் திரும்பிப் போக ஒரே ஒரு வழிதான் மிஞ்சும்படி நின்றுகொள்வார். அந்த வழியில் கவர் காத்திருப்பார்.

இத்தனை தேர்ச்சியும் பெரும்பாலான காலம் கேமரா படாமலே போனது. ரயில்வே, வங்கி, காவல்துறை என்று அலுவலக அணிகளும் மாநில அணிகளும் மோதிக்கொண்ட போட்டிகளின் காலம் அது. முடிவுகள் செய்தித்தாளில் நாலு வரியில் வரும். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது. அதன் பிறகு தங்கம் வாங்கி வந்தவர்களைக்கூட ஊருக்கு வெளியே அடையாளம் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களில் ஒருவரான மணத்தி கணேசனின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிய, பல்லாண்டு கழித்து ஒரு திரைப்படம் வர வேண்டியிருந்தது. புரோ கபடி லீக் 2014 ஜூலையில் தொடங்கியபோது சேரலாதனுக்கு வயது 39. கபடி ஆட்டக்காரர்கள் பலர் முழங்காலில் கட்டுப்போட்டு ஒதுங்கிவிடும் வயது. அந்த வயதில்தான் நாடு அவரைப் பார்க்கத் தொடங்கியது.

பெங்களூரு புல்ஸில் தொடங்கினார். 2015இல் அந்த அணி இறுதியாட்டம் வரை போய் யு மும்பாவிடம் 36-30 என்று தோற்றது. 2016 நடுவில், நான்காம் பருவத்தில், பட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவர் ஆனார். அந்த அணியை நினைத்துப் பார்க்கவே அழகாக இருக்கிறது. ஒரு முனையில் 41 வயதுத் தஞ்சாவூர்க்காரர், மறுமுனையில் 19 வயது பர்தீப் நர்வால், ஹரியானாவின் சோன்பத் பக்கத்துப் பையன். மூன்று நான்கு பேர் மேலே விழ வரும்போது குனிந்து அடியில் புகுந்து வெளியேறும் டுப்கியால் லீக்கையே கலக்கிக்கொண்டிருந்தவர். பர்தீப் பாடிவிட்டு வந்து மூச்சு வாங்குவார், அடுத்த 30 விநாடி மூலைக்காரரின் நேரம். பாய்கிற வேலை இளையவருக்கு, காக்கிற வேலை மூத்தவருக்கு. ஜூலை 31 அன்று ஐதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37-29 என்று வென்று பட்னா கோப்பையைத் தக்கவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத் உலகக் கோப்பைக்குப் போன இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 34-32 என்று அதிர்ச்சித் தோல்வி. இறுதியாட்டத்திலும் ஈரானுக்கு எதிராக இடைவேளையின்போது பின்தங்கியிருந்து, பிறகு 38-29 என்று வென்ற அணி அது.

அன்று தோற்ற ஈரான் அணியில் ஃபசல் அத்ராச்சலி இருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் ஈரான் இந்தியாவை வீழ்த்தியது. அதற்குச் சில வாரங்களில் தொடங்கிய லீக்கில் யு மும்பாவின் இடது மூலையில் ஃபசல், வலது மூலையில் சேரலாதன். ஃபசல்தான் தலைவர், சேரலாதனைவிட 17 வயது இளையவர். இரண்டு பேருடைய மூலை ஆட்டமும் நேரெதிர். ஃபசலின் கேட்ச் பருந்து மாதிரி, உடம்பை முழுக்க எறிந்து வரும். சேரலாதனுடையது எறியாது, ரைடர் வந்து சேரும் வரை பொறுத்திருக்கும். ஒரே அணியில் இரண்டு ஓரத்திலும் இந்த இரண்டு சுபாவமும் நின்றதால் ரைடருக்கு எந்தப் பக்கம் போனாலும் வேறுவேறு கணக்கு. அந்தப் பருவத்து யு மும்பா ஆட்டங்களை, முடிவு தெரிந்த பிறகும், மூலைகளுக்காகவே மறுபடி பார்க்கலாம்.

2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரைத் தலைவராக்கியது. வயது 44. கபடியின் தாய்வீடு தாங்களே என்று பெருமைப்படும் ஹரியானாவின் பெயர் பொறித்த சட்டையில், தஞ்சாவூர்க்காரர் தலைவர். அங்கே அவருக்குப் பயிற்றுநர் ராகேஷ் குமார். 2014இல் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர், லீக்கின் முதல் ஏலத்தில் 12.80 லட்சம் ரூபாய்க்கு எல்லாரையும்விட அதிக விலைக்குப் போனவர், சேரலாதனைவிட ஏழு வயது சின்னவர். சொல்லிக்கொடுக்கிறவர் தம்பி, கேட்டுக்கொண்டு களத்தில் நடத்துகிறவர் அண்ணன். இதில் சங்கடப்பட இடம் இருந்ததாக வெளியே தெரியவே இல்லை. அணி பிளே ஆஃப் வரை போனது. வடக்கத்தி வீரர்களும் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். வர்ணனையாளர்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. 2021 ஏலத்தில் ஜெய்ப்பூர் எடுத்தபோது அவருக்கு 46.

ஆடிக்கொண்டே அணியை நடத்துவது என்றதும் எனக்குப் பேஸ்பால் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் அந்த ஆட்டத்தில் ஓர் அழகான வழக்கம் உண்டு. அணியை நடத்தும் மேனேஜர், வயது எத்தனை ஆனாலும், ஆட்டக்காரர்கள் போடும் அதே சீருடையில்தான் உட்கார்ந்திருப்பார். ஆடிக்கொண்டே அணியை நடத்தியவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஃபிராங்க் ராபின்சன் மறக்க முடியாதவர். பெரிய லீக்கில் மேனேஜரான முதல் கறுப்பினத்தவர். கிளீவ்லாந்துக்காக அந்தப் பொறுப்பில் இறங்கிய முதல் நாளே, தானே மட்டையெடுத்து, சந்தித்த முதல் வாய்ப்பில் ஹோம் ரன் அடித்தார். அது 1975 ஏப்ரல் 8. சேரலாதன் பிறப்பதற்குப் பதின்மூன்று நாள் முன்பு. கபடியில் அப்படியொரு பதவி கிடையாது, பயிற்றுநர் கோட்டுக்கு வெளியேதான். ஆனால் சேரலாதன் கடைசி ஆறேழு ஆண்டுகள் ஆடியதைப் பார்த்தால், அந்தப் பதவி இல்லாத குறையே தெரியாது. மூலையில் நிற்பவருக்குத்தான் தன் அணியின் மற்ற ஆறு பேரும் கண்ணில் படுவார்கள். நடுவில் நிற்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் மட்டும் தெரியும். யார் சோர்ந்திருக்கிறார், யார் முந்தின புள்ளியை இழந்த கோபத்தில் பாயப் போகிறார், எதிரணிக்கு இது மூன்றாவது பாட்டா, புள்ளி எடுத்தே ஆக வேண்டிய பாட்டா, நம் பக்கம் மூன்று பேர் மிஞ்சியிருப்பதால் ஒரு கேட்சுக்கு இரண்டு புள்ளி கிடைக்குமா என்று அவ்வளவையும் கணக்குப் பார்க்கத் தோதான இடம் அது. கால் வேகம் குறைந்த வயதில் அவரை அணிகள் மறுபடி மறுபடி கூப்பிட்டதற்குக் காரணம் இந்தப் பார்வைதான் என்று நான் நினைக்கிறேன். வேகம் இருந்தவர்கள் ஏலத்தில் நிறையவே கிடைத்தார்கள்.

2024இல் தமிழ் தலைவாஸ் உதயகுமாரைத் தலைமைப் பயிற்றுநராகவும் சேரலாதனை வியூகப் பயிற்றுநராகவும் அமர்த்தியது. தமிழ்நாட்டின் பெயரில் ஓர் அணி 2017இல் வந்தும், தான் ஆடிய பருவங்களில் வேறு வேறு மாநில அணிகளின் மூலையைக் காத்துக்கொண்டிருந்தவர், கடைசியில் அந்த அணிக்குள் வந்தது பயிற்றுநராகத்தான். அவர் ஆடிய காலத்திலேயே அந்த மஞ்சள் சட்டையில் ஒரு பருவமாவது பார்த்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. அப்போது அந்த அணியில் வலது மூலை என்றால் சாகர் ராத்தீ, ஹரியானாக்காரர், இருபதுகளில் இருந்தவர். தன் வாழ்நாள் முழுக்க நின்ற அதே இடத்தில் இன்னொருவர் நிற்பதை வெளியில் உட்கார்ந்து பார்ப்பது எல்லாப் பயிற்றுநருக்கும் வாய்த்துவிடாது. அந்தப் பருவத்தில் தலைவாஸ் பிளே ஆஃப்புக்குள் நுழையவில்லை. கணக்கு அப்படித்தான் முடிந்தது. ஆனால் ஒரு பருவத்துப் புள்ளிப் பட்டியலை வைத்து இப்படிப்பட்டவரை எடைபோடுவது, நாற்று விட்ட வாரமே மகசூல் கேட்பதாகும்.

எனக்கு இதில் ஒரு விருப்பம் இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பூதலூர், திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கத்து மின்னொளி ஆட்டங்களில் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் அத்தனை பேரும் ரைடராக வேண்டும் என்கிறார்கள். டுப்கி போட்டுக் காட்டாத பையன் இல்லை. அதில் தப்பும் இல்லை, கைத்தட்டல் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கார்னருக்கு ஆள் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கணுக்காலைப் பிடிக்க எந்தப் பயிற்றுநரும் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பிடிக்காமல் இருக்கச் சொல்லிக்கொடுக்க, இத்தனை வருஷம் அந்த மூலையில் நின்றவர் வேண்டும். தஞ்சாவூரிலோ திருக்காட்டுப்பள்ளியிலோ ஒவ்வொரு ஆண்டும் மாசியில், அறுவடை முடிந்த கையோடு, கார்னர்களுக்கு மட்டும் என்று ஒரு முகாம் நடத்த யாராவது முன்வர வேண்டும். ரைடர்களுக்கு அங்கே அழைப்பு வேண்டாம், பாடிக் காட்ட மட்டும் இரண்டு பேர் போதும். களத்தை மண்ணிலேயே போடுங்கள். சொல்லிக்கொடுக்க அண்ணனைக் கூப்பிடுங்கள்.